செவிலியரின் குழந்தையைப் பார்த்துக்கொண்டவர்கள்

மருத்துவமனையில் ஒரு செவிலியர் இரவுப் பணிக்கோ பகல் பணிக்கோ வர வேண்டுமானால், அவருடைய குழந்தையை வேறு யாரேனும் பார்த்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடமும் தாத்தா பாட்டியும் இப்பொறுப்பைச் சுமக்கும் வரையில் படுக்கையில் இருக்கும் நோயாளிக்கு இது தெரிய வருவதில்லை.

அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் 2020 மார்ச் மாதம் இவ்விரு துணைகளும் ஒரே வாரத்தில் இல்லாமற்போயின. மார்ச் 16 முதல் அரசுப் பள்ளிகள் மூடப்பட்டன. மறுநாள் முதல் அனைவரும் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்ற ஆணை நடைமுறைக்கு வந்தது. கொரோனா முதியோரையே கடுமையாகத் தாக்கியதால், பேரக்குழந்தைகளைத் தாத்தா பாட்டியிடம் விடுவதும் ஆபத்தானதாயிற்று. அதே வேளையில், மருத்துவமனைகளுக்கு ஊழியர்கள் முன்னெப்போதையும் விட அதிகமாகத் தேவைப்பட்டனர்.

இச்சிக்கலைத் தீர்க்க முன்வந்தோர் நகரின் பொழுதுபோக்கு மற்றும் பூங்காத் துறை ஊழியர்கள். பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லித்தருவதும் கோடைக்கால முகாம் நடத்துவதும் இவர்களுடைய வழக்கமான வேலை. கலிபோர்னியா மாநிலச் சட்டப்படி பொதுத்துறை ஊழியர்கள் பேரிடர்க்காலப் பணியாளர்களாகவும் கருதப்படுவதால், நெருக்கடி நேரத்தில் அவர்களை வேறு பணிகளுக்கு அழைக்கலாம். அவ்வாறே துறையின் பொழுதுபோக்கு மையங்களும் சில நூலகக் கிளைகளும் அவசரக் காப்பகங்களாக மாறின. மருத்துவமனை ஊழியர்கள், பேரிடர்ப் பணியில் இருந்தோர் ஆகியோரின் பிள்ளைகள் அங்கே சேர்க்கப்பட்டனர்.

காப்பகங்களுக்கு அந்நாளில் இருந்த விதி ஒன்று கவனிக்கத்தக்கது. ஒரு குழுவில் 12 பிள்ளைகளுக்கு மேல் இருக்கக் கூடாது. நாள்தோறும் அதே பிள்ளைகளே அக்குழுவில் இருக்க வேண்டும். குழுக்கள் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. ஒரு பிள்ளைக்குத் தொற்று ஏற்பட்டால் அது அந்தச் சிறு வட்டத்தோடு நிற்கும். யாருக்கெல்லாம் தகவல் சொல்ல வேண்டும் என்பதும் உடனே தெரிந்துவிடும். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்த ஒருவரை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் குடும்பத்தினருக்கு இம்முறை புதிதன்று. நாள்தோறும் புதுப்புது விருந்தினர் வருவதைவிட, குறிப்பிட்ட இருவர் மூவர் மட்டுமே வந்துபோவது நல்லது என்று மருத்துவர்கள் கூறுவதும் இதே காரணத்தால்தான்.

ஆகஸ்டில் வகுப்புகள் இணையவழியில் தொடங்கியபோது வேறொரு குறை வெளிப்பட்டது. ஒற்றை அறையில் வாழும் குடும்பத்தில் பிள்ளை எங்கே அமர்ந்து பாடம் கேட்பது? இணைய வசதி இல்லாதவர் என்ன செய்வது? அத்தகைய பிள்ளைகளுக்காக நகரம் சமூகக் கற்றல் மையங்களைத் திறந்தது. அவற்றுள் சில பூங்காத் துறையின் கட்டடங்களில் இயங்கின.

பூங்காக்களையும் முற்றிலும் மூடிவிடவில்லை. நெருக்கமான வீடுகள் கொண்ட அந்நகரில் பலருக்கு வாசலோ முற்றமோ கிடையாது. திறந்த வெளியில் மூச்சுத்துளிகள் விரைவில் கலைந்துவிடுவதால் தொற்றும் குறைவு. மே மாதம் டோலோரஸ் பூங்காவின் புல்வெளியில் 10 அடி விட்டமுள்ள வெண்ணிற வட்டங்கள் வரையப்பட்டன. ஒரு வீட்டார் ஒரு வட்டத்துக்குள் அமரலாம். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதிப் பூங்கா ஒன்றில் முன்பே கையாண்ட வழி இது. குழந்தைகளின் ஊஞ்சலும் சறுக்குமரமும் மட்டும் அக்டோபர் வரை பூட்டியே கிடந்தன. இது சற்று மிகையான கண்டிப்பு என்றே நமக்குத் தோன்றுகிறது.

அந்நகரப் பூங்காக்கள் ஆபத்துக்கு உதவியது அது முதன்முறையன்று. 1906ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் வீடிழந்தோர் தங்கியது கோல்டன் கேட் பூங்காவிலும் டோலோரஸ் பூங்காவிலுமே.

கோல்டன் கேட் பூங்காவின் முதன்மைச் சாலை 2020 ஏப்ரலில் கார்களுக்கு மூடப்பட்டு, நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் விடப்பட்டது. பெருந்தொற்று தணிந்த பின் இது தொடர வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. நடக்க இயலாதோர் அருங்காட்சியகத்துக்குச் செல்வது கடினமாகும் என்ற எதிர்ப்பில் நியாயம் இருந்தது. 2022 நவம்பர் வாக்கெடுப்பில் பெரும்பான்மையினர் சாலை அவ்வாறே இருக்கட்டும் என்றனர். பூங்காவிற்குள் இலவசச் சிற்றுந்து ஓடுகிறது.