அலை பாடும் தரங்கம்பாடி

'தரங்கம்' என்றால் அலை. 'பாடி' என்றால் சிற்றூர். ஆனால், 'அலைகள் பாடுகிற ஊர்' என்று பொருள் சொல்வதில்தான் எல்லோருக்கும் ஆசை. மாலை வேளையில் அந்தக் கடற்கரையில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்தவர்கள் இதற்காக இலக்கணச் சண்டைக்குப் போகமாட்டார்கள்!

ஒரு காலத்தில் ஊர் வரைக்கும் ரயிலே ஓடியது. இப்போது மயிலாடுதுறையில் இறங்கி, பஸ் ஏறிப் போகவேண்டும். 1792-ல் கட்டிய வெள்ளை நிற நகர வாயிலைத் தாண்டினால், நேரே கடலைப் பார்த்து ஓடுகிறது ஒரு தெரு. இரு பக்கமும் பழைய மாளிகைகள், தேவாலயங்கள். தெருக் கோடியில் டான்ஸ்போர்க் கோட்டை.

இந்தக் கோட்டையைக் கட்டியவர்கள் டென்மார்க் தேசத்தார். மிளகு வியாபாரத்துக்காக இலங்கையை நாடி வந்தார்கள். அங்கே காரியம் பலிக்கவில்லை. தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் 1620-ல் இந்தக் கடலோரத்தில் இடம் கொடுத்தார். டென்மார்க் ராஜாவுக்கு அவர் தங்க ஏட்டில் எழுதிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது.

வியாபாரத்துக்கு வந்தவர்களை விட, 1706-ல் மத போதகராக வந்த சீகன்பால்கு என்ற ஜெர்மானிய வாலிபரின் பெயர்தான் நிலைத்து நின்றது. சின்னஞ்சிறு பிள்ளைகளோடு திண்ணைப் பள்ளியில் உட்கார்ந்து, மணலில் விரலால் தமிழ் எழுதக் கற்றார். மறு வருஷமே பெண் குழந்தைகளுக்கும் ஒரு பள்ளிக்கூடம் ஏற்பட்டது. பிறகு அச்சகம் வந்தது. ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்துக்கள் மிகப் பெரியவை; காகிதமோ பஞ்சம். என்ன செய்தார்கள் தெரியுமா? சீமையிலிருந்து வந்த பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கிச் சின்ன எழுத்துக்கள் வார்த்துக் கொண்டார்கள்! சமையலறைச் சாமான் சரஸ்வதிக்கு உதவிய கதை இது.

1845-ல் டென்மார்க்காரர்கள், வங்காளத்து ஸ்ரீராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். 1861-ல் ரயில் நாகப்பட்டினத்துக்கு வந்தது. கப்பல்களும் அங்கே போய்விட்டன. தரங்கம்பாடி மறுபடியும் சிற்றூராயிற்று.

ஆனால் போகாமல் இருந்தவர்கள் இரண்டு பேர்: கடலும், கடலை நம்பிய மீனவர்களும். கடல் கொடுக்கும், எடுக்கவும் செய்யும். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியை அலைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோயின. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்த சுனாமியோ கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கவில்லை. இந்தக் கரையோரத்தில் உயிரிழந்தவர்களில் பெண்களும் குழந்தைகளுமே மிகுதி.

பிற்பாடு கரையில் பெரும் பாறைகளை அடுக்கினார்கள். மீனவர்களுக்குக் கடலை விட்டுத் தள்ளிப் புது வீடுகள் எழுந்தன. கோட்டையும் சில பழைய வீடுகளும் புதுப்பிக்கப்பட்டன. கடலோரத்துப் பழைய பங்களா ஒன்று ஹோட்டலாகவும் ஆயிற்று. வீடு தள்ளிப் போனாலும் பிழைப்பு தள்ளிப் போகுமா? படகு கரைக்கு வரும் நேரத்தில் கூடையோடு அங்கே நிற்க வேண்டியவர்கள் பெண்கள்தானே!

குடும்பத்தோடு போகிற சகோதரிகளுக்கு இரண்டு வார்த்தை. ஐப்பசி, கார்த்திகை மழையில் போகாதீர்கள்; தை, மாசி உத்தமம். பாறைகள் வழுக்கும், குழந்தைகளின் கையை விடாதீர்கள். இன்னொன்று: மீன் வாங்கும் வழக்கம் உள்ளவர்களானால், கோட்டைக்குச் சீட்டு வாங்கும்போது பேரம் பேசாத நாம், அந்தக் கூடைக்காரியிடம் மட்டும் ஐந்து ரூபாய்க்கு மல்லுக்கு நிற்க வேண்டாம். கோட்டை கட்டியவர்கள் ஊரை விற்றுவிட்டுப் போனார்கள். அவளோ கடல் அடித்த பிறகும் அதே கரையில்தான் நிற்கிறாள்.