பெயரைத் தொடர்வதா, காணியைத் தொடர்வதா?

விக்டோரியா மகாராணி காலத்துப் பாட்டி ஒருத்தியின் கலியாணத்தையும் பிரிவையும் சொத்துப் பங்கீட்டையும் இங்கிலாந்தில் தேடுகிறவருக்கு வழி ஓரளவு நேரானது. தலைமுறை தாண்டி வரும் குடும்பப் பெயர் இருக்கிறது. 1837 முதல் அரசாங்கக் கலியாணப் பதிவு இருக்கிறது. 1858 முதல் விவாகரத்து நீதிமன்றமும் மரணசாதனப் பதிவகமும் இருக்கின்றன. அதே வழியில் ஊர்காவற்றுறையிலோ நயினாதீவிலோ நெடுந்தீவிலோ தேடப் புறப்பட்டால் இரண்டாம் தலைமுறையிலேயே முட்டி நிற்க வேண்டிவரும். தகப்பன் பெயர் மகனுக்கு முன்னால் நிற்கும். பேரனுக்கு அது கழன்றுவிடும். கத்தோலிக்கரின் கலியாணம் கோயில் பதிவேட்டில் ஏறியது. சைவர்களில் பலர் தாலியும் கூறையும் ஊராரின் சாட்சியுமே போதும் என்றிருந்தார்கள். அதனால் தீவகத்தில் முன்னோரைத் தேடுகிறவர் ஆளின் பெயரை விட்டுவிட்டுக் காணியைத் தொடர வேண்டும், அதிலும் பெண்ணுக்குப் போன காணியைத் தொடர வேண்டும் என்பதே என் வாதம்.

இதற்கு ஆதாரம் தேசவழமையில் இருக்கிறது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கங்களை ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்தார். பன்னிரண்டு முதலியார்கள் அதைப் பார்த்துச் சரியென்றார்கள். 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலு கொடுத்தனர். அந்தத் தொகுப்பு காட்டும் பழைய முறைப்படி தகப்பன் வழி முதுசம் ஆண்பிள்ளைகளுக்கு, தாயின் சீதனம் பெண்பிள்ளைகளுக்கு. தேடியதேட்டத்தில் இருபாலாருக்கும் பங்குண்டு. நாளடைவில் இந்த வரம்புகள் தளர்ந்தன. ஆனாலும் வீடும் வளவும் மகளுக்கு என்ற நடைமுறை தீவகத்தில் இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காணிக் கைமாற்றத்தை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதச் சொன்னது. இதனால்தான் கலியாணம் பதியப்படாத வீட்டிலும் சீதன உறுதி எழுதப்பட்டது. அதில் பெண்ணின் பெயரும் கொடுக்கிற பெற்றோரின் பெயரும் பெரும்பாலும் மாப்பிள்ளையின் பெயரும் வரும். காணியின் பெயர், பரப்பு, கிணற்றுப் பங்கு, பாதை, பனை எல்லாம் வரும். நான்கு எல்லையிலும் யார் யார் காணி என்பதும் வரும். விற்பதென்றால் முதலில் பங்காளியிடம் சொல்ல வேண்டும் என்ற முறை இருந்ததால், அந்த எல்லைக்காரர் பல வேளை சொந்தக்காரராகவே இருப்பார். ஒரு தாளில் இவ்வளவு உறவு வேறெந்தப் பதிவேட்டிலும் கிடைக்காது.

பிரிவைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். யாரும் அதை எழுதிவைக்கவில்லை. ஊரும் பேசாமல் விட்டுவிட்டது. ஆனால் காணி பேசும். மகளின் சீதன உறுதியில் தகப்பன் கையொப்பம் இல்லாமல் தாயும் தாய்மாமனும் மட்டும் கொடுத்திருந்தால், தகப்பன் இறந்திருக்கலாம், மலாயாவுக்குப் போயிருக்கலாம், அல்லது விட்டுவிட்டுப் போயிருக்கலாம். 1867க்குப் பின்னர் பிறப்பு, இறப்புப் பதிவு கட்டாயமானதால் முதலாவது சாத்தியத்தைச் சோதித்துப் பார்க்க முடியும். 1911க்குப் பின்னர் கலியாணம் செய்தவர்களுக்கு இன்னொரு தடயமும் உண்டு. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைச் சட்டப்படி மனைவி தன் காணியை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அவன் கைவிட்டுப் போயிருந்தால் மாவட்ட நீதிமன்றமே அந்தச் சம்மதத்தைத் தரலாம். அப்படி விற்ற காணியின் உறுதியிலோ வழக்குக் கோவையிலோ கைவிடப்பட்ட ஒருத்தியின் வாழ்க்கை இரண்டு வரியில் கிடக்கும். பிள்ளையில்லாமல் இறந்தவளின் சீதனம் சகோதரிகளிடம் திரும்பியதும் அவ்வாறே ஒரு சாட்சி.

உறுதி கலியாணத்துக்குச் சாட்சியாகுமா என்று கேட்கலாம். தனியே ஆகாது. எழுதிய பிறகு குழம்பிய சம்பந்தமும் உண்டு. அதே காணி பிறகு அந்தத் தம்பதியின் பிள்ளைக்குப் போயிருக்கிறதா என்று பார்த்தால்தான் சந்தேகம் தீரும். இதைவிடப் பெரிய மறுப்பு ஒன்று இருக்கிறது: காணியே இல்லாதவர் என்ன செய்வது? சாதியின் பேரால் நிலம் மறுக்கப்பட்ட குடும்பங்களுக்கு இந்த வழி அடைபட்டதுதான். அந்த அநியாயத்தை எந்த ஆய்வு முறையும் மறைக்கக் கூடாது. கோயில் பதிவேடு, இறப்புப் பதிவு, வழக்கேடு என்ற சில்லறைச் சான்றுகளை அவர்களுக்காக இன்னும் பொறுமையாகக் கோக்க வேண்டும். போரில் எல்லாம் அழிந்துவிட்டதே என்பாரும் உண்டு. நிறைய அழிந்தது உண்மை. ஆனால் 1990, 91இல் தீவகத்தை விட்டு ஓடியவர்கள் நகையோடு உறுதிக் கட்டையும் தூக்கிக்கொண்டு போனார்கள். நொத்தாரிசு எழுதியதன் பிரதியொன்று காணிப் பதிவகத்துக்கும் போயிருக்கும் என்பதால் ஒன்று தொலைந்தாலும் மற்றது கிடைக்க வாய்ப்புண்டு.

இப்போதைய ஆபத்து வேறு. கனடாவிலும் பிரான்சிலும் இருக்கும் பிள்ளைகள் அற்றோனித் தத்துவம் கொடுத்துப் பாட்டியின் வளவை விற்கிறார்கள். புது உறுதி வந்ததும் பழைய கட்டு வாங்கியவர் கையோடு போய்விடுகிறது. கைமாற்றுவதற்கு முன்னர் ஒவ்வொரு தாளையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள், பதிவகப் புத்தக இலக்கம் அங்கே குறிக்கப்பட்டிருந்தால், அதற்கு முந்திய உறுதியை அதைப் பிடித்துக்கொண்டு தேடலாம்.