பல நாட்டு ஆங்கிலம், ஒரே நா

சென்ற ஆண்டு டில்லியில் எங்கள் உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்று நடைபெற்றது. நைரோபியில் பிறந்து, 8 வயதில் லண்டனுக்கும் 15 வயதில் கனடாவின் டொராண்டோ நகருக்கும் பெற்றோருடன் குடிபெயர்ந்த என் தமக்கையின் மகள் அதற்கு வந்திருந்தாள். அவள் ஆங்கிலத்தைக் கேட்ட பெரியவர் ஒருவர், "இது எந்த ஊர் வேஷம் அம்மா? ஒரு சொல் லண்டன், ஒரு சொல் அமெரிக்கா, ஒரு சொல் நம் ஊர்!" என்று நகைத்தார். சூழ இருந்தோரும் சிரித்தனர். பந்தி முடியும் வரை அப்பெண் வாய் திறக்கவில்லை. வெளி மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இக்காட்சி புதிதன்று. விடுமுறையில் சொந்த ஊர் செல்லும் நம் குழந்தைகளின் தமிழுக்கும் இத்தகைய வரவேற்பே கிடைக்கிறது.

அது வேஷந்தானா? மொழியாராய்ச்சியாளர் தரும் விடை வேறு.

ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்னும் இருவர் கனடாவில் நடத்திய சோதனையொன்று 1984இல் வெளிவந்தது. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியின் 'த', 'ட' ஆகிய ஒலிகளைக் கேட்பித்தனர். 6 முதல் 8 மாதக் குழந்தைகள் இரண்டையும் நன்கு பிரித்தறிந்தன. ஆண்டு நிறைவை நெருங்கிய குழந்தைகளுள் பெரும்பாலானவற்றால் அது இயலவில்லை. பேசத் தொடங்குமுன்பே செவி வீட்டு மொழிக்கு ஏற்ப அமைந்துவிடுகிறது என்பது இதனால் விளங்கும். நம் செவியும் அப்படியே. 'டீ' என்னும் ஆங்கில எழுத்தின் ஒலி நம் டகரமும் அன்று, தகரமும் அன்று; நாவின் நுனி மேற்பல்லின் பின்னுள்ள ஈற்றைத் தொடப் பிறப்பது. நமக்கோ அது டகரமாகவே கேட்கிறது. நாவும் அவ்வாறே ஒலிக்கிறது. இதில் சோம்பலும் இல்லை, அறியாமையும் இல்லை.

குழந்தை வளர்ந்தபின் ஊர் மாறினால் யாது நிகழும்? கனடாவிலிருந்து தென் இங்கிலாந்தில் குடியேறிய இரு குடும்பங்களைச் சேர்ந்த இளையோர் அறுவரின் பேச்சை ஜே. கே. சேம்பர்ஸ் என்னும் அறிஞர் ஆராய்ந்து 1992இல் எழுதினார். சொற்கள் விரைவில் மாறின. ஒலிகள் மெல்லவே மாறின. ஒலிகளிலும் எளிய விதி முன்னும் சிக்கலான விதி பின்னுமாக வந்தன. 7 வயதுக்கு உட்பட்டோர் புதிய வழக்கை ஏறக்குறைய முழுமையாகப் பெறுவர். 14 வயதைக் கடந்தோர் அவ்வாறு பெறுவது அரிது. இடைப்பட்டோர் நிலை ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பது அவர் முடிவு. என் தமக்கை மகளின் கணக்கு இதனோடு பொருந்துகிறது. 'கார்' என்னும் சொல்லின் ரகரத்தை அவள் டொராண்டோ வழக்கப்படி ஒலிக்கிறாள்; குளியலைக் குறிக்கும் 'பாத்' என்பதில் லண்டன் நெடிலை விடவில்லை.

வீட்டின் பிடி எவ்வளவு வலியது என்பதற்கு அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு சான்று உண்டு. அந்நகரத்தார் 'மேட்', 'பேட்', 'கிளேட்' என்னும் மூன்று சொற்களின் உயிரொலியை இறுக்கி ஒலிப்பர். அதே வாய்பாட்டில் அமைந்த 'சேட்' என்பதை மட்டும் அவ்வாறு ஒலியார். ஏன் என்றால் அவர்களுக்கே தெரியாது. அந்நகரை அடுத்த கிங் ஆப் பிரஷ்யா என்னும் ஊரில் ஆர்வில்லா பெய்ன் ஆராய்ந்தபோது, வெளிமாநிலப் பெற்றோரின் பிள்ளைகள் அவ்வூரிலேயே பிறந்திருந்தாலும் இந்நுட்பத்தை முழுமையாகப் பெறவில்லை என்று கண்டார். தெருவில் கற்றது பல. தாய்வாய்க் கேட்டாலன்றி வாராததும் சில.

இனி, கேட்பவருக்கு ஏற்பப் பேச்சு வளைவதும் உண்டு. எதிரே இருப்பவரை நோக்கி நம் உச்சரிப்பு நம்மை அறியாமலே நகர்வதை ஹோவர்டு கைல்ஸ் 1970களில் விளக்கினார். பாட்டியோடு பேசுகையில் நம் ஊர் ஆங்கிலமும் தோழியோடு பேசுகையில் டொராண்டோ ஆங்கிலமும் வருவது நடிப்பன்று. வலிந்து பூசிக்கொள்ளும் உச்சரிப்பும் உலகில் இல்லாமல் இல்லை. அலுவலகங்களில் அத்தகையோரைக் கண்டதுண்டு. ரகரம் இல்லாத இடத்திலும் அவர்கள் ரகரத்தை உருட்டுவதே அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

முதுமையிலும் ஒலி அசைகிறது. காலஞ்சென்ற இரண்டாம் எலிசபெத் அரசியாரின் கிறிஸ்துமஸ் ஒலிபரப்புரைகளில் 1950களுக்கும் 1980களுக்கும் உரியவற்றை ஜோனதன் ஹாரிங்டன் குழுவினர் ஒப்பிட்டு 2000இல் வெளியிட்டனர். அரண்மனையை விட்டுக் குடிபெயராத அவருடைய உயிரொலிகளே இளைய தலைமுறையினரின் பொது வழக்கை நோக்கிச் சற்று நகர்ந்திருந்தன. மூன்று கண்டங்களில் வளர்ந்த பெண்ணைக் குறை கூறுவானேன்?

ஊர் திரும்புமுன் அவள் என்னிடம், "மாமா, கால அட்டவணைக்குரிய ஆங்கிலச் சொல்லை லண்டனில் 'ஷெட்யூல்' என்றேன், டொராண்டோவில் 'ஸ்கெட்யூல்' என்கிறேன். அடுத்த மாதம் வேலைக்கு நேர்முகத் தேர்வு இருக்கிறது. எதைச் சொல்லட்டும்?" என்று கேட்டாள். வாயில் எது வருகிறதோ அதைச் சொல் என்றேன். தேர்வு முடிந்ததும் தொலைபேசியில் அழைத்தாள். இரண்டையுமே சொல்லிவிட்டாளாம்; குழுவினர் கவனித்ததாகவே தெரியவில்லையாம்.