மேடையில் பதிவான இசை: சில ஆல்பங்களும் சில மைக்குகளும்

ஸ்பீக்கர் விற்கிற எந்தக் கடைக்குப் போனாலும் ஒரு பாட்டு நிச்சயம். ஈகிள்ஸ் குழு 1994-இல் ‘ஹெல் ஃப்ரீஸஸ் ஓவர்’ ஆல்பத்துக்காக வாசித்த ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’. கிதார்கள் மெதுவாகத் தொடங்கி, அந்தக் கனத்த தாளம் ‘தொம்’ என்று விழும்போது கடைக்காரர் நம் முகத்தைப் பார்ப்பார். நல்ல பதிவுதான், சந்தேகமே இல்லை. ஆனால் அது பதிவானது பர்பாங்க் நகரில் வார்னர் பிரதர்ஸ் படப்பிடிப்புத் தளத்தில். கைதட்ட ஆள் வைத்த ஸ்டுடியோ என்று சொன்னாலும் தப்பில்லை.

எனக்குப் பிடித்த லைவ் ஆல்பங்கள் வேற ரகம். அதில் இசையோடு சேர்த்து ஒரு இடமும் பதிவாகியிருக்கும். கூரை எவ்வளவு உயரம், ஆட்கள் எவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றெல்லாம் கண்ணை மூடினால் தெரியும். இது தானாக நடப்பதில்லை. ஏன் கஷ்டம் என்று கொஞ்சம் பார்த்துவிடலாம்.

ஒலி ஒரு மீட்டர் கடக்கக் கிட்டத்தட்ட 3 மில்லிவினாடி ஆகும். டிரம்ஸுக்கு ஒரு மைக் வைக்கிறோம். நாலு மீட்டர் தள்ளிப் பாடகர் மைக். டிரம்ஸ் ஒலி அந்த மைக்கிலும் போய் விழும், சுமார் 12 மில்லிவினாடி தாமதமாக. இரண்டையும் கலக்கும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று தின்றுவிடும், சில கூடிவிடும். குடத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு ஓசை கிடைக்கும். ஸ்டுடியோவில் தடுப்பு வைக்கலாம், ஆளுக்கொரு அறை கொடுக்கலாம், சரியில்லை என்றால் மறுபடி வாசிக்கச் சொல்லலாம். மேடையில் எதுவும் நடக்காது. ஒன்று, மிகக் குறைவான மைக்குகளைச் சரியான இடத்தில் வைத்து அறையை நம்ப வேண்டும். இல்லையென்றால், கருவிக்கு ஒரு மைக் வைத்து, தனித்தனி டிராக்கில் பதிந்துகொண்டு, பிறகு நிதானமாகக் கலக்க வேண்டும். இரண்டு வழியிலும் அருமையான ஆல்பங்கள் உண்டு.

மைக் எங்கே இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு டியூக் எலிங்டனின் நியூபோர்ட் கதையை மிஞ்ச ஒன்றுமில்லை. 1956 ஜூலை 7, ராத்திரி. எலிங்டனின் காலம் முடிந்தது என்று பலரும் பேசிக்கொண்டிருந்த நேரம். ‘டிமினுவெண்டோ அண்ட் க்ரெஷெண்டோ இன் ப்ளூ’ என்ற பழைய உருப்படிக்கு நடுவில் டெனர் சாக்ஸபோன்காரர் பால் கொன்சால்வெஸ் எழுந்து வந்து, நிறுத்தாமல் 27 சுற்று வாசித்தார். கூட்டம் நாற்காலிகளை விட்டு எழுந்து ஆடத் தொடங்கிவிட்டது. அடுத்த மாதம் எலிங்டன் ‘டைம்’ பத்திரிகையின் அட்டையில் இருந்தார்.

இவ்வளவும் சரி. ஆனால் கொன்சால்வெஸ் நின்று வாசித்தது தப்பான மைக் முன்னால். கொலம்பியா கம்பெனியின் மைக் ஒரு பக்கம் இருக்க, அவர் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியின் மைக்கில் வாசித்துக்கொண்டிருந்தார். கொலம்பியாவின் நாடாவில் அந்தச் சரித்திர வாசிப்பு எங்கேயோ பின்னாலிருந்து கேட்டது. போதாததற்கு, விழாவுக்கென்று புதிதாக எழுதிய தொகுப்பு ஒத்திகை போதாமல் சரியாக அமையவில்லை. என்ன பண்ணுவது? இரண்டு நாள் கழித்து ஸ்டுடியோவில் நிறையப் பகுதிகளைத் திரும்ப வாசித்து, கைதட்டலை மேலே ஒட்டி, ‘எலிங்டன் அட் நியூபோர்ட்’ என்று வெளியிட்டார்கள். நல்ல விற்பனை. நாற்பது வருஷம் உலகம் அதை லைவ் என்றே கேட்டது.

1990-களில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் வானொலியின் நாடா கிடைத்தது. அதில் கொன்சால்வெஸ் பக்கத்தில் நின்று வாசிக்கிறார்! ஃபில் ஷாப் என்ற ஜாஸ் ஆய்வாளர் ஒரு காரியம் செய்தார். இரண்டும் ஒற்றை ஒலித்தடப் பதிவுகள். ஆனால் ஒரே இசையை மேடையின் இரண்டு இடங்களில் நின்ற மைக்குகள் கேட்டிருக்கின்றன. ஒன்றை இடக்காதுக்கும் மற்றதை வலக்காதுக்கும் கொடுத்தால் ஸ்டீரியோ ஆகிவிடுமே! சொல்வது சுலபம். இரண்டு நாடா இயந்திரங்கள் ஒரே வேகத்தில் ஓடாது. நிமிஷத்துக்கு நிமிஷம் விலகும். அதையெல்லாம் கணினியில் பொருத்தி 1999-இல் முழுக் கச்சேரியும் வந்தது. யாரும் திட்டமிடாத ஒரு ஸ்டீரியோ. அந்த 27 சுற்றை அதில்தான் கேட்க வேண்டும்.

இதற்கு நேர் எதிர் அளவில் ஒரு ஆல்பம். நியூயார்க்கின் வில்லேஜ் வேங்கார்ட் ஒரு நிலவறை. ஆப்பு மாதிரி குறுகிப்போகிற சின்ன இடம். 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. பில் எவன்ஸ் பியானோ, ஸ்காட் லஃபாரோ பாஸ், பால் மோஷன் டிரம்ஸ். மதியமும் இரவுமாக ஐந்து முறை வாசித்தார்கள். பொறியாளர் டேவ் ஜோன்ஸ் எடுத்துச்செல்லக்கூடிய ஒரு நாடா இயந்திரத்தில் பதிந்தார். முதல் உருப்படியின் நடுவிலேயே கரண்ட் போய் ஒலி அறுந்தது. 2005-இல் வந்த முழுத் தொகுப்பில் அந்த அறுபட்ட இடத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

இந்தப் பதிவில் பேச்சு கேட்கும். கண்ணாடித் தம்ளர் மோதும், யாரோ சிரிப்பார்கள். அதுவும் லஃபாரோ மிக மெல்லிய ஒரு தனியை வாசித்துக்கொண்டிருக்கும்போது! ஞாயிற்றுக்கிழமை மதியம், குடித்துக்கொண்டே பேசிக்கொண்டிருக்கிறார்கள், பாவம், அவர்களுக்கு என்ன தெரியும். பதினோரு நாள் கழித்து, ஜூலை 6 அன்று, லஃபாரோ கார் விபத்தில் இறந்துபோனார். வயது 25. எவன்ஸ் பல மாதம் மேடை ஏறவில்லை. முதலில் வெளிவந்த ‘சண்டே அட் த வில்லேஜ் வேங்கார்ட்’ லஃபாரோவை முன்னிறுத்தியே தொகுக்கப்பட்டது. முதல் உருப்படியும் கடைசி உருப்படியும் அவர் இயற்றியவை. பாஸ் என்றால் பின்னால் நின்று தாளத்தைத் தாங்குவது என்ற பழக்கத்தை உடைத்து, பியானோவோடு சரிக்குச் சரி பேசிய ஒருவரின் வாசிப்பு இவ்வளவு தெளிவாக மிஞ்சியிருப்பது அந்த ஒரு நாள் வேலையால்தான்.

குறைவான மைக்கின் இன்னொரு பெருமை ‘ஜாஸ் அட் த பான்ஷாப்’. 1976 டிசம்பர், ஸ்டாக்ஹோமில் ‘ஸ்டாம்பன்’ என்ற கிளப். அந்த இடம் முன்பு அடகுக்கடை, அதனால் அந்தப் பெயர். கெர்ட் பால்ம்கிரான்ட்ஸ் இரண்டு நாக்ரா இயந்திரங்களோடு போய் ஆர்னே டோம்னெரஸ் குழுவைப் பதிந்தார். ஆடியோ பைத்தியங்கள் நடுவில் இது வேதம். இசையாகப் பார்த்தால் இதமானது, அவ்வளவுதான். வேங்கார்டின் பக்கத்தில் வைக்க மாட்டேன். ஆனால் அந்த அறை! தட்டு வைக்கிற சத்தத்துக்குக்கூட ஒரு இடம் இருக்கிறது. கீத் ஜாரெட்டின் ‘கோல்ன் கான்செர்ட்’ (1975 ஜனவரி 24) இதற்கு மறுபக்கம். கேட்ட பியானோ வராமல், ஒத்திகைக்கு வைத்திருந்த சிறியது வந்தது. மேல் ஸ்தாயி தகரம் மாதிரி, கீழே கனமில்லை. ஜாரெட் நடு ஸ்தாயியிலேயே நின்று, இடக்கையால் ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்ப அடித்து அந்தக் குறையைச் சமாளித்தார். அந்தச் சமாளிப்பையே இன்று அந்த ஆல்பத்தின் குணமாகக் கேட்கிறோம்.

இரண்டாவது வழிக்கு டீப் பர்ப்பிளின் ‘மேட் இன் ஜப்பான்’ போதும். 1972 ஆகஸ்ட், ஒசாகாவில் இரண்டு இரவு, டோக்கியோவில் ஒன்று. ஜப்பான் கம்பெனி கேட்டதற்காக, குழுவுக்குப் பெரிய விருப்பமில்லாமல் நடந்த பதிவு. தங்கள் ஆள் மார்ட்டின் பர்ச்தான் பதிய வேண்டும் என்று மட்டும் பிடிவாதம் பிடித்தார்கள். எட்டு டிராக். ஆர்கனும் கிதாரும் ஆளுக்கொரு பக்கம் பிரிந்து நிற்க, நடுவில் டிரம்ஸ். இவ்வளவு சத்தத்துக்குள்ளும் யார் என்ன செய்கிறார்கள் என்று தனித்தனியாகப் பின்தொடர முடிகிறது. ஸ்டுடியோவில் ஒட்டுவேலை ஏறக்குறைய இல்லை. ஜானி கேஷின் ‘அட் ஃபோல்சம் ப்ரிஸன்’ (1968) ஆல்பத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. ஒரு மனிதனைச் சுட்டதாக வரும் வரிக்குக் கைதிகள் போடுகிற கூச்சல் பிறகு சேர்க்கப்பட்டது. நிஜத்தில் சிறை அதிகாரிகள் பார்த்துக்கொண்டிருக்க அவர்கள் அடங்கித்தான் இருந்தார்கள். அந்த அமைதி எனக்குக் கேட்க வேண்டும்போல இருக்கிறது.

கடைசியாக, நம் வீட்டுப் பக்கத்து விஷயம் ஒன்று. ‘சக்தி’ குழுவின் முதல் ஆல்பம் 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில், சவுத்தாம்ப்டன் கல்லூரியில் பதிவானது. ஜான் மெக்லாக்லின் கிதார், எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, ராம்நாட் ராகவன் மிருதங்கம், டி.எச். விநாயக்ராம் கடம். முதல் உருப்படியே 18 நிமிடம், மூச்சு விட நேரமில்லை.

கடத்துக்கு மைக் வைப்பது ஒரு தலைவலி. விரல் சத்தம் பானையின் சுவரிலிருந்து வருகிறது. கும்கி மாதிரியான அந்தக் கனம் வாயிலிருந்து வருகிறது, வாயோ வாசிப்பவரின் வயிற்றைப் பார்த்து இருக்கிறது. வயிற்றை நெருக்கியும் விலக்கியும் அந்தக் கனத்தை மாற்றுவதும் வாசிப்பின் பகுதி. மைக் ரொம்ப நெருங்கினால் ஓட்டில் தட்டுகிற சத்தம்தான் மிஞ்சும். தள்ளிப்போனால் பக்கத்து மிருதங்கம் விழுங்கிவிடும். நம் ஊர்க் கச்சேரிப் பதிவுகள் பலவற்றில் கடம் வெறும் ‘டக்டக்’ என்று கேட்பது இதனால்தான். மிக்ஸரிலிருந்து நேராக எடுத்த ஒலியில் சபாவே இருக்காது, பாடகர் நம் காதுக்குள் உட்கார்ந்து பாடுவார். சக்தியில் வேகம் ஏறும்போது தபலா, மிருதங்கம், கடம் மூன்றும் ஒன்றை ஒன்று துரத்தும். ஹெட்ஃபோனில் கேட்டால் மூன்றுக்கும் தனி இடம் இருப்பது தெரியும். முதல் தடவை வயலினை விட்டுவிட்டு விநாயக்ராமின் பானையை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள்.