கருப்பனும் நியாயஸ்தலமும்

நீலகிரியில் எமரால்டு அணையைச் சூழ்ந்த தேயிலைச் சரிவுகளில் பொழுது சாயுமுன்பே பனிமூட்டம் இறங்கிவிடுவதுண்டு. இம்மலைத் தோட்டங்களின் லயங்களில் வாழும் ஜனங்களில் பலருடைய முன்னோர் சமவெளியிலிருந்து பிழைக்க வந்தவர்கள். வருகையில் தங்கள் காவல் தெய்வங்களையும் உடன் கொண்டுவந்தார்கள். மரத்தடிக் கல்லில் முனீசுவரனோ கருப்பனோ இருப்பான். இருட்டில் அவ்வழியே செல்பவன் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வான். இதை நகைப்பவர் நாமல்லோம். இதில் பக்தி எவ்வளவு, பயம் எவ்வளவு என்பதே நமது கேள்வி.

அக்கேள்வியை வீடுதோறும் கொண்டு சேர்த்தது “மர்மதேசம்” தொடரின் “விடாது கருப்பு” என்னும் நாடகம். 2024 நவம்பரில் காலமான இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்க, கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் ஸ்தாபனத்தார் தயாரித்து, 1997-98இல் சன் தொலைக்காட்சியில் வெளிவந்தது. தோட்டக்காரமங்கலம் என்ற கற்பனைக் கிராமத்தில் அக்கிரமக்காரர் ஒருவர்பின் ஒருவராக மடிகின்றனர். வெள்ளைக் குதிரைமீது வந்த கருப்பசாமியே தண்டித்தாரென்று ஊர் நம்புகிறது. நம்பியபின் சாட்சி கூற யார் வருவார்? கொலை வழக்கில் தெய்வத்தை எதிரியாகச் சேர்த்த போலீஸ் உத்தியோகஸ்தரை நாம் கண்டதில்லை.

கதையின் முடிவை வெளியிடுவது பிழையாயினும், ஆண்டுகள் பல கடந்தன, வாசகர் பொறுப்பாராக. குதிரைமீது வந்தவன் ராஜேந்திரன் என்னும் மனிதன். இளமையிற் பதிந்த அச்சத்தால் மனம் இரண்டாய்ப் பிளந்தவன். தான் செய்வது தனக்கே தெரியாதவன். இதை நாஸ்திகத்தின் ஜெயம் என்று கொள்வதற்கில்லை. கருப்பனை அந்நாடகம் இகழவில்லை. கருப்பன் பெயரால் நடந்த கொலையை மட்டுமே கூண்டில் ஏற்றியது.

மாண்டவர் பாவிகளே, ஐயமில்லை. ஆயினும் பாவிக்கும் பிராயச்சித்தம் உண்டென்று நம் பெரியோர் விதித்தனர். குளம்போசை கேட்ட மறுகணமே மடிபவனுக்கு அதற்கு அவகாசம் ஏது?

மதுரையை அடுத்த அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பன் வேறு விதமாக நியாயம் வழங்குகிறான். அங்கே மூடிய கதவுக்கே சந்தனம் சாத்தி வழிபடுகின்றனர். அதன்முன் சத்தியம் செய்து தீர்ந்த வியாஜ்யங்கள் பல. வாங்கிய கடனை மறுப்பவன் வீட்டிலிருந்து புறப்பட்டு அப்படியை அடையும்வரை மனம் மாற அவகாசமுண்டு. வாசலில் நின்று, “கொடுத்துவிடுகிறேன்” என்று திரும்பலாம். 1873ஆம் வருஷத்து இந்தியச் சத்தியப் பிரமாணச் சட்டமும், கட்சிக்காரர் இசைந்தால் அவரவர் மரபுப்படியான சத்தியத்தை ஏற்று, அதன்மேற் கூறியதை முடிவான சாட்சியமாகக் கொள்ள இடமளித்தது. 1969ஆம் வருஷத்துச் சட்டம் அம்முறையைத் தொடரவில்லை. இதற்காக நாம் வருந்தவில்லை: தெய்வத்துக்கு அஞ்சாத துணிச்சற்காரன் சத்தியம் செய்து வென்றுவிட்டால், அஞ்சி நின்ற ஏழைக்கு வேறு புகலில்லாமற் போயிற்று.

ராஜேந்திரனுக்கு வேண்டியது தூக்குமேடையன்று, வைத்தியம். சித்தசுவாதீனமற்றவன் செய்கைக்குச் சட்டமும் விலக்களிக்கிறது. ஊரின் கணக்கோ வேறு. ஒவ்வொரு பிணம் விழுந்தபோதும் கன்னத்தில் போட்டுக்கொண்டு வீடு திரும்பியவர்கள், அச்சத்தை அச்சிறுவன் மனத்தில் விதைத்தவர்கள், எந்தக் கதவின் முன் சென்று நிற்பார்கள்?