கூண்டு வேண்டாம், படம் போதும்!

விடியற்காலை பெரட்டுக்குப் போகிற நேரத்தில், இருட்டு விலகுமுன்னே, லயத்துக் கூரையிலோ பட்டுப்போன மரத்து உச்சியிலோ உட்கார்ந்து ஒரு கறுப்பு வெள்ளைக் குருவி பாடுமே, ஞாபகம் இருக்கிறதா? மலாய்க்காரர்கள் அதை முராய் கம்போங் என்பார்கள். தமிழ்நாட்டில் குண்டுகரிச்சான் என்று பெயர். நம்மில் பலருக்குப் பெயர் தெரியாது. பாட்டு மட்டும் தெரியும்.

அந்தக் குருவியை மறுபடி சந்திக்கும் வாய்ப்பு நமக்குக் கம்போங் மேடானில் கிடைத்தது. பழைய கிள்ளான் சாலையை ஒட்டிய இந்தப் பகுதி, தோட்டங்கள் கைமாறி வீடமைப்பு நிலங்களாக மாறிய காலத்தில் வேலை தேடிப் பட்டணம் வந்த நம் மக்கள் பலர் குடியேறிய இடம். அங்கே அடுக்குமாடி வீடொன்றில் ஒரு தம்பியைப் பார்த்தோம். தகப்பனார் பால் மரம் வெட்டியவர். தம்பிக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. காலையில் வீடு திரும்பியதும் தூங்கப் போகுமுன் குருவிகளைப் படம் எடுக்கிறார்.

கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். குண்டுகரிச்சான் அலகைத் திறந்து பாடுகிறது. கண்ணிலே காலை வெளிச்சம் ஒரு புள்ளியாக மின்னுகிறது.

"எப்படித் தம்பி இவ்வளவு கிட்டத்துல எடுத்தீங்க?" என்று கேட்டோம்.

"மொதல்ல ஒரு தப்புப் பண்ணித்தான் ஐயா கத்துக்கிட்டேன்," என்றார். "கீழ கறிவேப்பிலை மரத்துல கொண்டைக்குருவி கூடு கட்டியிருந்துச்சு. குஞ்சு நல்லாத் தெரியணும்னு, மறைச்ச கிளையெல்லாம் கயித்தால இழுத்துக் கட்டிட்டேன். படம் அருமையா வந்துச்சு. மறுநாள் பாத்தா கூடு காலி. காக்கா தூக்கிட்டுப் போயிருச்சு. அந்தப் படத்த நான் யாருக்குமே காட்டினதில்ல."

காக்கையைக் குறை சொல்லிப் பயன் இல்லை. அதுவும் நம்மைப் போலத் தோட்டத்துக்காகக் கொண்டுவரப்பட்டதுதான். காபித் தோட்டத்துப் புழுக்களைத் தின்னட்டும் என்று நூறு வருஷத்துக்கு முன்பே இலங்கையிலிருந்து கிள்ளான் பக்கம் கொண்டுவந்து விட்டார்கள். கூட்டைத் தாய்க்குருவி இலை மறைவில் கட்டுவது வெயிலுக்கும் காக்கைக்கும் பயந்துதான். அந்த மறைவை விலக்கினால் குஞ்சுக்கு வேறு காவல் ஏது?

கிட்டப் போவது ஒரு கலை. அதில் உலகப் புகழ் பெற்றவர் ஒருவர் இந்தக் கோலாலம்பூரிலேயே 1915-ல் பிறந்தார். ஜாலான் லோக் யூ என்ற சாலை நமக்குத் தெரியும். அந்த லோக் யூவின் மகன் லோக் வான் தோ. கேத்தே தியேட்டர்களின் முதலாளி. கோடீசுவரர், ஆனாலும் ஒரு குருவிக்காக மறைப்புக்குள்ளே மணிக்கணக்கில் காத்துக் கிடப்பார். இந்தியாவின் பறவை அறிஞர் சாலிம் அலியோடு சேர்ந்து ஊர் ஊராகச் சுற்றியவர். 1957-ல் ஆங்கிலத்தில் பறவைகளைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். 1964-ல் தைவானில் விமான விபத்தில் காலமானார்.

மறைப்பு என்பது துணியாலும் தழையாலும் ஆன சிறு கூடாரம். முதல் நாளே பறவையின் பக்கத்தில் வைக்கக் கூடாது. தூரத்தில் வைத்து, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த வேண்டும். பறவை அதற்குப் பழகிய பிறகுதான் உள்ளே ஆள் போவது.

நமக்குக் கூடாரமும் வேண்டாம், விலை உயர்ந்த கேமராவும் வேண்டாம். தம்பி சொன்ன வழி இது. நிழலான இடத்தில் ஒரு மண் தட்டில் தண்ணீர் வையுங்கள். தினமும் மாற்றுங்கள், இல்லையென்றால் கொசு முட்டையிடும். பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். குருவி முதலில் அதில்தான் உட்கார்ந்து சுற்றுமுற்றும் பார்க்கும். சில நாளில் பயம் தெளிந்துவிடும். பிறகு, குச்சியின் உயரத்துக்கே கைப்பேசியைப் பொருத்தி, வீடியோவை ஓடவிட்டு வீட்டுக்குள் போய்விடுங்கள். கைப்பேசியில் தூரத்துப் படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் மங்கிப் போகும். பறவையே கிட்ட வந்தால் தெளிவாக விழும். வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிட வேண்டும். உச்சி வெயிலில் வெள்ளை இறகு வெளுத்துப் போகும், கறுப்பு இருட்டாகிவிடும். கண் தெளிவாக விழுந்தால் படம் உயிரோடு இருக்கும்.

இன்னொன்று. கைப்பேசியில் குருவிப் பாட்டைப் போட்டு வரவழைக்கிறவர்கள் உண்டு. ஆண் குருவி, தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதாக எண்ணிக் கூட்டையும் இரையையும் விட்டுச் சண்டைக்கு அலையும். வேண்டாம் அந்த வேலை. தாய்க்குருவி வாயில் புழுவோடு வந்து, கூட்டுக்குள் போகாமல் அங்குமிங்கும் தாவினால், நாம் ரொம்பக் கிட்ட நிற்கிறோம் என்று அர்த்தம். உடனே விலகிவிட வேண்டும்.

பாட்டுக்காகவே குருவியைப் பிடித்துக் கூண்டில் அடைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். காட்டு முராய் பத்துவுக்குச் சந்தையில் நல்ல விலை. நம் பிள்ளைகள் சிலருக்கும் அந்த ஆசை காட்டப்படுகிறது. 2010-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட பறவையை உரிமம் இல்லாமல் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே தோட்டந்தோறும் பாடிய குண்டுகரிச்சான், பிடிக்கப்பட்டதாலும் 1970-களில் அருகிப் போனது. பிறகு 1980-களில் பறவைகளைக் கொண்டுவந்து மறுபடி விட வேண்டியதாயிற்று.

புறப்படும்போது தம்பியின் தகப்பனார் வாசலுக்கு வந்தார். வாசல் மூலையில் ஒரு பழைய கூண்டு. தோட்டத்திலிருந்து கொண்டுவந்ததாம்.

"மெர்போக் வெச்சிருந்தேன். இப்ப வெங்காயம் போட்டு வெச்சிருக்கோம்," என்று சிரித்தார்.

எதிர்ச் சுவரில் குண்டுகரிச்சான் பாடத் தொடங்கியது. மூன்று பேரும் பேச்சை நிறுத்தினோம். தம்பி கைப்பேசியை எடுக்கவில்லை. "நாளைக்கும் வரும் ஐயா," என்றார்.