ஈயப் பீங்கானும் கொள்ளளவியும்

வட்டவளையில் மாணவர்க்குப் பௌதிகவியல் கற்பிக்குங்கால், பழுதுற்ற வானொலிப் பெட்டிகளைத் திறந்து காட்டுவது என் வழக்கம். பழைய பெட்டியிற் பெருவிரலளவு பருத்திருந்த கொள்ளளவி, புதிய பெட்டியில் அரிசிமணியளவினதாய்ச் சிறுத்திருத்தலைக் கண்டு, இத்துணைச் சிறியது மின்னேற்றத்தை எங்ஙனம் தாங்குமென வினவாத மாணவர் இலர்.

விடை, தகடுகளிடையே வைக்கப்படும் மின்னுழையப் பொருளில் உளது. கொடர்மாவில் அகழ்ந்தெடுக்கப்பட்ட இந்திய மைக்கா முன்னாளில் இப்பணிக்குப் பெயர்பெற்றிருந்தது. அதன் மின்னுழைய மாறிலி 6 அல்லது 7 மட்டுமே. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அறியப்பட்ட பேரியம் தைத்தேனேற்றோ ஆயிரத்தைக் கடந்தது. இஃது அயமின் பொருள் எனப்படும். (இரும்பு இதில் இல்லை, காந்தப்புலத்தில் இரும்பு ஒழுகுமாறு இது மின்புலத்தில் ஒழுகுதலின் அப்பெயர் பெற்றது.) ஆயின் அதன் மாறிலி 120 பாகை செல்சியசை அடுத்துக் கூரிய சிகரமாய் உயர்ந்து, உடனே சரிந்துவிடும்.

1958ஆம் ஆண்டிற் சோவியத்து நாட்டறிஞர் சிமொலென்சுக்கியும் அக்ரனோவ்சுக்காயாவும் ஈய மகனீசிய நையோபேற்றின் இயல்பை வெளியிட்டனர். அதன் மாறிலி பதினாயிரத்தையும் கடந்தது. அதன் சிகரமோ எம் மலைநாட்டுக் குன்றுபோல் அகன்றது. ஆதலின் வெப்பநிலை சிறிது மாறினும் கொள்ளளவு பெரிதும் மாறுவதில்லை. காரணம் யாது? பளிங்கில் ஒரேவகை இடத்தை, இரண்டு ஏற்றமுடைய மகனீசிய அயன் ஒன்றும், ஐந்து ஏற்றமுடைய நையோபிய அயன் இரண்டும் என்னும் விகிதத்திற் பகிர்ந்துகொள்கின்றன. அவை நெடுந்தூரம் ஒழுங்குற அடுக்கப்படவில்லை. மணி ஒலித்ததும் ஒருங்கே எழும் வகுப்பைப் போலன்றி, பளிங்கின் நுண்பகுதி ஒவ்வொன்றும் தன் வெப்பநிலையிலேயே எழுகின்றது. மின்புலத்தின் அதிர்வெண்ணை மாற்றினாற் சிகரமும் இடம்பெயரும். இத்தகையவற்றைத் தளர்வு அயமின் பொருள்கள் என்பர். அச்சிகரம் ஏறத்தாழ −10 பாகையில் நிற்பது ஒரு குறை. சிறிது ஈயத் தைத்தேனேற்றைச் சேர்த்தால் அது வேண்டிய அளவுக்கு உயரும்.

ஒட்சைட்டுக்களை வாளா கலந்து சுட்டாற் பைரோகுளோர் என்னும் பயனற்ற பளிங்கும் உடன் விளைந்து கெடுக்கும். 1982இல் சுவார்ட்சும் சிரவுட்டும் முதலில் மகனீசியத்தையும் நையோபியத்தையும் இணைத்து, ஈய ஒட்சைட்டைப் பின்னரே சேர்த்து இதனை வென்றனர். மேலும், பேரியம் தைத்தேனேற்று 1300 பாகையளவில் வேக, ஈயக் கலவைகள் 1000 பாகையளவிலேயே வெந்துவிடும். அதனால் உட்தகடுகளுக்கு விலைமிக்க பலேடியத்தைக் குறைத்து வெள்ளியைப் பெருக்க முடிந்தது.

இத்துணைச் சிறப்பிருந்தும் இது சந்தையை வெல்லவில்லை. ஈயத்தின் நஞ்சே காரணமென்பது பொதுக் கருத்து. யான் அதனை முழுதும் ஒப்பேன். 2006இல் ஈயத்தைக் கட்டுப்படுத்திய ஐரோப்பியச் சட்டமும் மின்னணுப் பீங்கான்களுக்கு விலக்களித்ததன்றோ! நிக்கலே மெய்யான பகை. 1990களில் மலிவான நிக்கற் தகடுகள் பரவின. அவை ஒட்சிசன் மிகக் குறைந்த உலையிலேயே சுடப்பட வேண்டியவை. பேரியம் தைத்தேனேற்றை அதற்கேற்பப் பக்குவப்படுத்தினர்; ஈய ஒட்சைட்டோ அவ்வுலையில் ஒட்சிசனை இழந்து வெறும் ஈயமாகிவிடும். இன்று அதே ஈயக் கலவையின் ஒற்றைப் பளிங்குகள், உடலின் உட்புறத்தைக் காட்டும் கழியொலிக் கருவிகளிற் பயன்படுகின்றன.